உன் மெஷினுக்கு என் கையால் போணி

அன்புள்ள கதிருக்கு,

முதலில் காதில் மாட்டியிருக்கும் அந்த ஒயரைக் கழற்று. கடிதம் படிக்கக் காது எதற்கு என்பாய். என் குரல் உனக்கு எழுத்திலும் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். நேரில் சொல்லலாம்தான்; ஒரே வீட்டில் இருக்கிறோம், நடுவில் ஒரு சுவர். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ "உனக்குப் புரியாதும்மா" என்கிறாய், நானும் ரோஷத்தில் பக்கத்து வீட்டுக் கதைக்குத் தாவிவிடுகிறேன். பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள், சிலர் அழுவார்கள். நான் ஊர்க்கதை பேசுவேன். இந்த ஒரு வாரமாக நான் எவ்வளவு ஊர்க்கதை பேசினேன் என்று நம் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பார். அத்தனையும் பயம்.

எதற்குப் பயம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் எங்காவது தொலைத்துவிடுவேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை மாடியில் நீ ஆபீஸ் திறக்கிறாய். உள்ளே இருக்கப்போவது ஒரு மெஷின். என் தையல் மெஷின் மாதிரி மிதித்தால் ஓடுவதில்லை. கம்ப்யூட்டருக்குள் நீ எழுதி வைத்த கட்டளைகள். டாலர் எப்போது ஏறும், யூரோ எப்போது இறங்கும் என்று அதுவே பார்த்து, அதுவே வாங்கி, அதுவே விற்குமாம். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கணக்குத் திறந்து பணம் போட வேண்டியது, மெஷின் ஓட வேண்டியது, லாபத்தில் ஒரு பங்கு உனக்கு. இதில் முதல் பணம் நான் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். என் கையால் போணி.

என் கைக்கு நம் நைனார்பாளையத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அதை நானாகச் சம்பாதிக்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், பஸ் நிறுத்தத்துப் பரோட்டாக் கடைக்காரர் கடை திறந்த அன்று நான் பசி தாங்காமல் முதல் ஆளாகப் போய் ரெண்டு பரோட்டா வாங்கினேன். கடை ஓகோவென்று ஓடியது. அன்றிலிருந்து ஊரில் எவர் எது திறந்தாலும் "டெய்லரக்கா கைராசிக்காரங்க, அவங்களைக் கூப்பிடு" என்றாகிவிட்டது. செல்போன் கடை, உரக்கடை, மாவு மிஷின், அழகு நிலையம் எல்லாவற்றுக்கும் நான்தான் போணி. அழகு நிலையத்தில் புருவம் திருத்திக்கொண்டு வந்த அன்று உன் அப்பா என்னைப் பார்த்து, "யாரும்மா வேணும்?" என்று கேட்டார். இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. உனக்குத் தெரியாதது, நான் போணி செய்த பிறகு ஊர் என்ன செய்யும் என்பது. என் பின்னால் வரிசையில் நிற்கும். எதையும் கேட்காது. நான் கொடுத்துவிட்டேன் என்றால் விசாரித்தாகிவிட்டது என்று அர்த்தம். நான் எதை விசாரித்தேன்? பரோட்டா சூடாக இருக்கிறதா என்று விசாரித்தேன்.

நீ போணி கேட்டபோது எனக்குப் பெருமை பொங்கியது, பொய் சொல்லவில்லை. சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து அறைக்குள் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பற்றி ஊர் கேட்காத கேள்வியில்லை. கடைக்கு வருகிறவள் எல்லாம் கை அளவு கொடுத்துக்கொண்டே, "கதிரு இன்னா பண்றான்?" என்பாள். நானும், "வெளிநாட்டு வேலைய வூட்டுல இருந்தே பாக்கறான்" என்று ஊசியை வாயில் கவ்விக்கொண்டு சொல்லுவேன். வாயில் ஊசி இருந்தால் அடுத்த கேள்வி வராது. அதனால் ஆபீஸ் என்று நீ சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்தது. உன் அப்பாவுக்கு அதைவிட. அவர் வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டர் என்பதை நாம் இருவருமே மறந்துவிட்டோம். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒருவர் ஏறுவார், ஒருவர் இறங்குவார். டிக்கெட்டோடு சேர்த்து உன் ஆபீஸ் திறப்பையும் கிழித்துக் கொடுத்திருக்கிறார் மனிதர். "நம்ம பையன் டாலர் மெஷின் வெக்கறான், வெள்ளிக்கிழம வந்துடுங்க, அவங்கம்மாதான் போணி." இதுதான் அவர் கொடுத்த விளம்பரம். ஒரு பைசா செலவில்லை.

ஊரில் எந்த விசேஷத்துக்கு எவ்வளவு கூட்டம் சேரும் என்பதை நான் பிளவுஸ் ஆர்டரை வைத்தே சொல்லிவிடுவேன். போன வாரம் என் கடையில் துணி குவிந்தது. முகூர்த்தம் இல்லை, திருவிழா இல்லை. "எப்பம்மா வேணும்?" என்றால் எல்லாரும் அடுத்த வாரம் வியாழக்கிழமை என்றார்கள். செவ்வாய்க்கிழமை வெள்ளிமலையிலிருந்து செல்லாயி வந்தாள். சாமையும் கடுக்காயும் கொண்டுவந்து சந்தையில் விற்பாளே, உனக்கு ஒருமுறை பலாச்சுளை கொடுத்து நீ வயிற்றுவலியில் துடித்தாயே, அந்தச் செல்லாயிதான். பச்சைத் துணியை மேஜையில் வைத்தாள்.

"அடுத்த வெள்ளிக்கெழம தம்பி ஆபீசுக்குப் போட்டுக்கினு வரணும்க்கா. கழுத்து ரொம்ப எறக்காத."

"எதுக்குடி இவ்ளோ தடபுடல்? வந்து ஒரு காபி குடிச்சிட்டுப் போவப் போற."

"காபிக்கா ரெண்டு மாட்டையும் வித்தேன்?"

கத்தரிக்கோல் என் கையிலேயே நின்றுவிட்டது. "மாட்டை வித்தியா? அப்புறம் பாலுக்கு இன்னாடி பண்ணுவ?"

"மாடு இன்னிக்குக் கறக்கும், நாளைக்கு ஒதைக்கும். மிஷினு ஒதைக்காதாமே, ஒன் வூட்டுக்காரரு சொன்னாரு. அதுவும் நீ போணி பண்றன்னா அப்புறம் இன்னா? பொண்ணு நர்சு படிப்புக்குக் கட்டணும்க்கா, அடுத்த வருசத்துக்குள்ள ரெட்டிப்பாயிடும்ல?"

கதிரு, அவள் உன்னைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள். ரெட்டிப்பாகும் என்று நீயும் எங்கேயும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். நீ சொல்லாததை எல்லாம் என் கை சொல்லியிருக்கிறது. அவள் போன பிறகு அந்தப் பச்சைத் துணியை நான் தொடவே இல்லை. அது மேஜையில் கிடந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மதியம் நீ சாப்பிட வந்து உட்கார்ந்தாய். முருங்கைக்காய் சாம்பார். ஒரு வாய் வைத்தாய், போன் அதிர்ந்தது, பார்த்தாய். உன் முகத்தை நீ பார்த்திருக்க மாட்டாய், நான் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று கூட உனக்கு அப்படி நிறம் மாறவில்லை.

"இன்னாடா?"

"ஒண்ணும் இல்லம்மா. டிராடவுன்."

"எந்த டவுனு?"

"கொஞ்சம் எறங்கும், அப்புறம் ஏறும்மா. நார்மல்தான்."

நார்மல் என்று சொல்லிக்கொண்டே எச்சில் கையோடு அறைக்கு ஓடினாய். நான் பின்னால் வந்தேன், நீ கவனிக்கவில்லை. மெஷினை நீ நிறுத்தினாய். தானாக ஓடும், மனுசனுக்குப் பயம் வரும், மெஷினுக்கு வராது, அதுதான் அதன் பலம் என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாய். மெஷினுக்குப் பயம் வரவில்லைதான். அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போனது. உனக்கு வந்தது. உன் சொந்தப் பணத்துக்கே நீ அப்படி ஓடினால், அன்றைக்கு உள்ளே இருந்தது செல்லாயியின் மாடுகளாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? சாம்பார் ஆறிப்போயிற்று. நான் அதைக் கொட்டவில்லை, நானே சாப்பிட்டேன். பயத்திலும் எனக்குப் பசிக்கும், அது என் குடும்பத்து வியாதி.

மறுநாள் உன்னிடம் சொல்லாமல் கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் போனேன். ஊக்கு வாங்கப் போகிறேன் என்றேன், நீயும் நம்பினாய். அங்கே எழிலரசி என்று ஒரு வக்கீல் பெண், உன் வயதுதான் இருக்கும். அவள் கருப்புக் கோட்டுக்குள் போடும் வெள்ளைச் சட்டையெல்லாம் நான் தைத்தது. தோள் கொஞ்சம் மேடு, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது உன்னிடம் சொல்லிவிட்டேன், விடு. கோர்ட்டு வாசல் டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பணம் எந்தக் கம்பெனில போய் உக்காருதுக்கா? நம்ம நாட்டு எக்சேஞ்சா, வெளிநாட்டு வெப்சைட்டா?"

"ஏதோ தீவுல இருக்கற கம்பெனியாம்மா. பேரு வாயில நொழையல."

அவள் முகம் மாறிய விதத்தில் நானும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். "அக்கா, அது கூடாதுக்கா. வெளிநாட்டுப் பணத்தை அந்த மாதிரி எடத்துல வாங்கி விக்க இங்க இருக்கறவங்களுக்கு அனுமதி கெடையாது. மத்திய வங்கியே எச்சரிக்கைப் பட்டியல் போட்டு வெச்சிருக்கு. இதுல கொடும இன்னா தெரியுமா? தம்பி மட்டும் மாட்டமாட்டாரு. பணம் அனுப்புனவங்க மேலயும் நடவடிக்கை வரும்."

"யாரு மேல?"

"கணக்கு யாரு பேர்ல இருக்கோ அவங்க மேல."

செல்லாயி மேல். மாட்டை விற்று, புதுப் பிளவுஸ் போட்டுக்கொண்டு வந்து, குற்றவாளியாகத் திரும்பப் போகிறவள் அவள். பணம் போனாலும் குற்றம், பணம் வந்தாலும் குற்றம். "சரி, அந்தத் தீவு வேணாம். வேற வழியே இல்லியாம்மா? புள்ள மூணு வருசமா ராத்திரி பகலா ஒழைச்சிருக்கான்" என்றேன். இருக்கிறது என்றாள். அங்கேதான் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவள் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். தப்பாகச் சொன்னால் திருத்திக்கொள்.

நம் நாட்டு எக்சேஞ்சிலேயே, அதாவது பங்குச் சந்தையிலேயே, நாணய வியாபாரம் உண்டாம். பதிவு பெற்ற புரோக்கர் வழியாக, அவர்கள் அனுமதித்த நாணய ஜோடிகளில் மட்டும். ஆனால் ரூபாய்க்கு டாலர் என்று வாங்கி விற்க, வாங்குகிறவருக்கு நிஜமாகவே டாலர் வரவோ செலவோ இருக்க வேண்டுமாம். சும்மா ஏறும் இறங்கும் என்று பந்தயம் கட்ட அது இடமில்லையாம். செல்லாயிக்கு டாலர் வரவு எங்கிருந்து வரும்? கடுக்காய்க்கு ரூபாயே சரியாக வருவதில்லை. அடுத்து, அடுத்தவர் பணத்தை நீ எடுத்து நடத்த வேண்டும் என்றால் அதற்குத் தனி உரிமம், உன் பெயரில் கோடிக்கணக்கில் மூலதனம், அதோடு வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் குறைந்தது ஐம்பது லட்சம் கொண்டுவர வேண்டுமாம். நான் சிரித்துவிட்டேன். நம் தெருவையே சேர்த்து விற்றாலும் ஒரு வாடிக்கையாளர் தேறமாட்டார். யோசனை மட்டும் சொல்வது என்றால் பரீட்சை எழுதி ஆலோசகராகப் பதிவு செய்யலாமாம், பணத்தைத் தொடக் கூடாது, இவ்வளவு வரும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. மெஷினை மட்டும் விற்பது என்றால் புரோக்கரோடு சேர்ந்து, எக்சேஞ்சில் அதைப் பதிந்து, அதற்கென்று ஒரு எண் வாங்கி ஓட்டலாமாம். உள்ளே என்ன கணக்கு ஓடுகிறது என்பதை மறைத்து வைத்தால் அதற்கு வேறொரு பதிவு. எல்லாரிடமும் பணத்தை வாங்கி நீயே போட்டு மாதாமாதம் வட்டி மாதிரி கொடுக்கலாமா என்றும் நான் கேட்டேன். அதற்கு அவள் கோர்ட்டுக் கட்டிடத்தைக் கையால் காட்டினாள்.

கடைசியில் அவள் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. "சின்னசேலம் பக்கம் மரவள்ளி மாவு மில்லு வெச்சிக்கினு வெளிநாட்டுக்கு அனுப்பறவங்க இருக்காங்கக்கா. அவங்களுக்கு நெஜமாவே டாலர் வருது, ரேட்டு கொறைஞ்சா அடி வாங்கறாங்க. எப்ப பேங்குல சொல்லி அன்னிக்கு ரேட்டையே பின்னாடி வர்ற பணத்துக்கும் பூட்டலாம்னு பாக்கற சாப்ட்வேர அவங்களுக்கு எழுதித் தரச் சொல்லுங்க. அதுக்கும் பேப்பரெல்லாம் பாத்துட்டுத்தான் செய்யணும். ஆனா அது தொழில். இது…" என்று நிறுத்திக்கொண்டாள். வக்கீல்கள் வாக்கியத்தை முடிக்காமல் விட்டால் அதற்குத் தனியாகக் கட்டணம் கிடையாது என்று நினைக்கிறேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு ஏதோ ரேகை சாஸ்திரம் தெரியும் என்று நினைத்துத் தன் கையையும் நீட்டினார். உனக்குக் கோழிக்கடை ஞாபகம் இருக்கிறதா? நான்தான் போணி செய்தேன். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, மூடிவிட்டார்கள். துணிக்கடை ஒன்று, ஜெராக்ஸ் கடை ஒன்று, அவையும் என் கை பட்டவைதான். யாராவது என்னைக் குறை சொன்னார்களா? கோழிக்கடைக்கு வாஸ்து சரியில்லை என்றார்கள், துணிக்கடைக்காரருக்கு மச்சான் சரியில்லை என்றார்கள். ஓடிய கடையெல்லாம் என் கை. ஓடாத கடையெல்லாம் வேறு காரணம். என் கைராசி அவ்வளவுதான் கதிரு. அதே மாதிரிதான் நீ எனக்கு உன் மெஷினின் பழைய கணக்கைப் படம் போட்டுக் காட்டினாய். பச்சை பச்சையாக மேலே போனது. இடையில் ஒரு பள்ளம் இருந்தது, "அது ஏன்டா?" என்றேன். "அந்த வாரம் யுத்தச் செய்திம்மா, அதைக் கணக்குல எடுக்கக் கூடாது" என்றாய். எனக்கு அப்போது உறைக்கவில்லை. மெஷின் வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். நீயும் என் மாதிரி ஒரு கையைத்தான் வைத்திருக்கிறாய். அம்மாவும் பிள்ளையுமாக ரெண்டு கைராசிக்காரர்கள் ஒரே மாடியில் ஏறினால் ஊர் எங்கே போய் நிற்கும்?

உன்னைத் திருடன் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது, கோபம் வந்திருக்கும். கோபத்தில் நான் நன்றாகத் தூங்குவேன். நீ நல்லவன், நம்புகிறவன். செல்லாயியும் நம்புகிறவள். நம்புகிற ரெண்டு பேருக்கு நடுவில் என் கை நிற்கிறது. போலீஸ் வந்து கேட்டால் நீ கம்ப்யூட்டரைக் காட்டுவாய், அவள் என்னைக் காட்டுவாள். அவள் பெண் நர்சு உடுப்புக்கு என்னிடம்தான் அளவு கொடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் வராமல் போனால், என் கடையில் உட்கார்ந்து நான் யாருக்கு அளவெடுப்பேன்?

உனக்குப் புரியாதும்மா என்பாய். உண்மைதான். யூரோ என்றால் இன்னும் எனக்கு ஏதோ சோப்பு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒரு சட்டையைத் தைப்பதற்கு முன் அது யார் உடம்பில் ஏறப்போகிறது என்று பார்க்கத் தெரியும். உன் மெஷின் செல்லாயி உடம்புக்குத் தைத்தது இல்லை. மில்காரர் உடம்புக்கு வேண்டுமானால் பிரித்துத் தைக்கலாம். பிரித்துத் தைப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை, என் பிழைப்பில் பாதி அதுதான். மாடிக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனால் போகட்டும். ஊர் பேசினால் பேசட்டும்; ஊரைவிட அதிகமாகப் பேச உன் அம்மா இருக்கிறாள். இந்தக் கடிதத்தை நீ யாரிடம் காட்டினாலும் எனக்குச் சங்கடமில்லை. உன்னைப் போல் அறைக்குள் மெஷின் வைத்திருக்கிற பிள்ளைகள் இப்போது ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள், அவர்கள் அம்மாக்களுக்கு உதவட்டும்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். திட்டுவதானால் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டு. உன் ஆபீசுக்குப் போணி செய்ய என்று மஞ்சள் தடவி ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து வைத்திருந்தேன் அல்லவா, அதைக் கோர்ட்டுக்குப் போன அன்று பர்சிலேயே வைத்திருந்தேன். எழிலரசி வேண்டாம் வேண்டாம் என்றாள். "வாங்கிக்கம்மா, இது பீஸு இல்ல, போணி. எம் புள்ள தொழிலுக்கு" என்று அவள் கையில் வைத்து மூடிவிட்டேன். ஆக, உனக்குப் போணி ஆகிவிட்டது, வக்கீல் கையில். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உன்னை வரச் சொல்லியிருக்கிறாள். மெஷினையும் கொண்டுவரச் சொன்னாள். பச்சைப் படத்தோடு அந்தப் பள்ளத்தையும். ஒரு கைக்கு ஒரு தொழிலில் ஒரு போணிதான், அது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை நீ அங்கே போனால், நான் அன்றைக்கே மலைக்குப் போய் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வருகிறேன். உன் அப்பா கிழித்துக் கொடுத்ததை எல்லாம் நான் திரும்ப ஒட்டுகிறேன். போகாவிட்டால், வெள்ளிக்கிழமை உன் ஆபீசுக்கும் வருவேன். பட்டுப் புடவை கட்டி, பூ வைத்து, முதல் ஆளாகப் படியேறி, எல்லாரும் பார்க்கும்படி வாசலிலேயே நிற்பேன். ரெண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு நிற்பேன். யார் என்ன சொன்னாலும் எடுக்கமாட்டேன். நம் ஊருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பச்சை பிளவுஸை இன்னும் வெட்டவில்லை. வியாழக்கிழமை பத்து மணி தாண்டட்டும் என்று வைத்திருக்கிறேன்.

பயத்தோடும் நிறையப் பேச்சோடும்,
அம்மா